காடு மூடிய வளவுகளினூடே ஒரு பாதை

நீண்ட காலத்தின் பின்னர் சொந்த ஊருக்குப் போய்க் காணியைப் பார்த்துவிட்டுத் திரும்புகின்ற குடும்பங்கள் எம்மிடம் முதலில் சொல்லுவது பெரும்பாலும் ஒரே விடயம்தான். "வளவுக்குள்ள காடு வந்திட்டுது சுவாமி." கிணறு இருந்த இடத்தை மூலைப் புளியமரத்தை வைத்தே கண்டுபிடித்தோம் என்பார்கள். வேலிக்கு நட்ட பூவரசங்கதியால்கள் பெருமரங்களாகி நிற்கின்றன என்பார்கள். இன்னும் சிலர், வளவின் ஓரத்தில் புதிதாக ஒரு எல்லைக்கல் நிற்கிறது, அது காட்டுக்குரிய கல்லாம் என்று தாழ்ந்த குரலில் சொல்லுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் கிராம அபிவிருத்தி பற்றிய ஒரு கற்கைக்காக நாம் ஐக்கிய அமெரிக்காவில் தங்கியிருந்த வேளையில், அங்குள்ள குருக்கள் இருவருடன் அப்பலாச்சியன் மலைப்பாதையில் ஐந்து நாட்கள் நடக்கும் வாய்ப்புக் கிடைத்தது. இயற்கையின் அழகைக் காணவே சென்றோம். அழகையும் கண்டோம். ஆனால் அந்தக் காட்டுக்குள்ளும் வளவுகள் இருந்தன. அவற்றின் கதை இங்கே பலருக்குப் பயன்படும் என்பதாலேயே இதனை எழுதுகின்றோம்.

பாதை பிறந்த விதம்

அமெரிக்காவின் கிழக்குப் புறத்தில், கடற்கரைக்குச் சமாந்தரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நீண்டு கிடப்பது அப்பலாச்சியன் மலைத்தொடர். அதன் முகடுகளைத் தொடர்ந்து, தெற்கே ஜோர்ஜியா மாநிலத்தின் ஸ்பிறிங்கர் மலையிலிருந்து வடக்கே மெயின் மாநிலத்தின் கற்றாடின் மலை வரை 14 மாநிலங்களினூடாக இந்த ஒற்றையடிப் பாதை செல்லுகின்றது. நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனை வரையுள்ள எமது நாட்டின் முழு நீளத்தை எட்டுத் தடவை நடப்பதற்கு இது சமம். முழுவதையும் ஒரே மூச்சில் நடப்பவர்களுக்கு ஐந்து முதல் ஏழு மாதங்கள் செல்லும். தொடங்குவோரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவரே முடிக்கின்றார்.

இதனை முதலில் கனவு கண்டவர் பென்ரன் மக்கே என்ற வனவியலாளர். 1921ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட திட்டம் வெறும் நடைபாதையைப் பற்றியதன்று. பாதையோரமாக உணவு விளைவிக்கும் பண்ணைகளும் கூட்டுக் குடியிருப்புகளும் அமைய வேண்டும், ஆட்கள் குறைந்துபோன மலைக் கிராமங்களில் மீண்டும் விவசாயமும் தொழிலும் தழைக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். 1937இல் பாதை முழுமையடைந்தது. பண்ணைகள் வரவில்லை. அபிவிருத்தித் திட்டங்கள் பலவற்றில் இப்படி நடப்பதை நாம் கண்டிருக்கின்றோம். படத்தில் இருந்த வீதி வந்துவிடும். படத்தில் இருந்த மனிதர் வரமாட்டார்.

ஆயினும் ஒரு விடயத்தில் இந்தப் பாதை எமக்கு முன்மாதிரியாகும். 1968இல் இது தேசியப் பாதையாகச் சட்டத்தினால் பிரகடனப்படுத்தப்பட்டபோதிலும், இன்றுவரை இதனைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் தொண்டர்களே. முப்பது கழகங்கள் வரையில் பாதையைத் துண்டு துண்டாகப் பகிர்ந்து பொறுப்பேற்றுள்ளன. விழுந்த மரத்தை அறுப்பது, வெள்ளம் அரித்த இடத்தில் கல் அடுக்குவது, மரங்களில் வழிகாட்டும் வெள்ளைக் குறிகளைப் புதுப்பிப்பது எல்லாம் சிரமதானமே. 2024 செப்டெம்பரில் ஹெலீன் புயல் தென்பகுதியில் பல நூறு கிலோமீற்றர் பாதையைச் சிதைத்தபோதும், வாளும் மண்வெட்டியுமாக இவர்கள் திரண்டனர்.

போரை நடந்து தீர்த்தவர்

இப்பாதை முழுவதையும் ஒரே பயணத்தில் நடந்ததாக முதன்முதலில் அறிவித்தவர் ஏர்ள் சாபர் என்ற இளைஞர். இரண்டாம் உலகப் போரில் பசுபிக் முனையில் படைவீரராக இருந்து திரும்பியவர். உயிர் நண்பனைப் போரில் பறிகொடுத்தவர். போரை உடலிலிருந்தும் மனதிலிருந்தும் நடந்தே தீர்த்துவிட வேண்டும் என்று 1948 ஏப்ரலில் புறப்பட்டு, ஓகஸ்ட் மாதத்தில் வடமுனையை அடைந்தார். ஐம்பது ஆண்டுகளின் பின்னர், 1998இல், எழுபத்தொன்பது வயதில் மறுபடியும் முழுப் பாதையையும் நடந்தார்.

1955இல் எமா கேற்வூட் என்ற ஒகையோ மாநிலத்துப் பெண்மணி தனியாக நடந்து முடித்தார். அப்போது அவருக்கு வயது 67. பண்ணை வேலை செய்து பதினொரு பிள்ளைகளை வளர்த்தவர். கணவனின் கொடிய அடிகளைப் பல்லாண்டு தாங்கியவர். கையால் தைத்த ஒரு துணிப்பை தோளில், சாதாரண கன்வஸ் சப்பாத்து காலில். விலையுயர்ந்த கருவிகள் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. சும்மா ஒரு நடை போய் வருகிறேன் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போனவர் அவர்.

மடுமாதாவின் திருவிழாவுக்குக் காட்டுவழியே கால்நடையாகப் போன எமது பாட்டிமாருக்கு இதில் வியப்பு இருக்காது. பாரம் தூக்கி நடக்கக் கற்றவர்களின் கால்கள் எங்கும் ஒரே மாதிரியானவையே.

ஐந்து நாள் நடை

நாம் நடந்த பகுதி, வட கரோலினாவிலுள்ள பொன்ரானா அணைக்கட்டிலிருந்து நியூபவுண்ட் கணவாய் வரையிலான ஏறத்தாழ 66 கிலோமீற்றர். இது பெரும் புகைமலைத் தேசிய பூங்காவுக்குள் அமைந்தது. அணைக்கட்டின் மேலாகவே பாதை செல்லுகின்றது. அதைக் கடந்ததும் ஏற்றம். முதல் நாள் முழுவதும் ஏற்றம்தான். அனுமதிச் சீட்டு முற்கூட்டியே பெறப்பட வேண்டும். ஒவ்வோர் இரவும் எங்கே தங்குவது என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கும். தங்குமிடம் என்பது மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் திறப்புமான கொட்டில். கரடிகள் உள்ள காடாகையால் உணவுப் பைகளைக் கம்பியில் கட்டி உயரத்தில் தூக்கிவிட வேண்டும். ஊற்று நீரைக் கொதிக்கவைத்தோ வடிகட்டியோதான் குடிக்க வேண்டும்.

முகட்டில் ஏறியபின் இடது கால் ரெனசி மாநிலத்திலும் வலது கால் வட கரோலினாவிலுமாக நடக்கின்றோம். எமது ஹோட்டன் சமவெளியில் சிவப்பாய்ப் பூக்கும் றொடொடென்றன் மரத்தின் உறவினங்கள் அங்கு புதராக மண்டியிருந்தன. ஐந்தாம் நாள் ஏறிய குவோகி சிகரம் 2,025 மீற்றர். பாதை முழுவதிலும் உயரமான இடம் இதுவே. பீதுருதாலகாலையிலும் பார்க்கத் தாழ்வானதுதான். ஆனால் அங்கு அடிக்கும் மழையும் குளிரும் எமது எலும்புவரை சென்றன.

இரண்டாம் நாள் மாலை ஸ்பென்ஸ் வெளி என்னும் புல்வெளியை அடைந்தோம். அடர்காட்டின் நடுவே மலைமுகட்டில் திறந்த புல்தரை. இது எப்படி வந்தது என்று கேட்டோம். கீழேயுள்ள கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கு விவசாயிகள் கோடை காலத்தில் தங்கள் மாடுகளை இங்கு ஏற்றி மேய்த்த இடம் என்றார் எம்முடன் வந்த குருவானவர். மாடுகள் போனபின்னர் இத்தகைய வெளிகளை மரங்கள் மூடத் தொடங்கின. அவற்றுள் கிறெகரி, அன்ட்றூஸ் என்னும் இரண்டு வெளிகளை மட்டும் பூங்கா நிர்வாகம் இன்று ஆள் வைத்து வெட்டித் திறந்த வெளியாகவே காத்துவருகின்றது. விவசாயியின் மாடு இலவசமாகச் செய்த வேலை அது.

அப்படியானால் அந்த விவசாயிகள் எங்கே? இந்தக் கேள்வியோடுதான் எமது நடையின் திசை மாறியது.

மரங்களுக்கிடையே புகைபோக்கிகள்

இந்தப் பூங்கா 1934இல் நிறுவப்பட்டது. அரச காட்டை ஒதுக்கி அமைக்கப்பட்டதன்று. தனியாரிடமிருந்து வாங்கிச் சேர்க்கப்பட்டது. பெரும்பகுதி மரக் கம்பனிகளின் நிலம். அவை மலைகளை மொட்டையாக்கிக் கொண்டிருந்தன என்பதையும், பூங்கா வந்திராவிட்டால் இன்று அங்கு காடே இராது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் மிகுதி, சிறு விவசாயிகளின் காணி. 1,200க்கும் மேற்பட்ட காணிச் சொந்தக்காரர் வெளியேற வேண்டியதாயிற்று.

கேட்ஸ் கோவ் பள்ளத்தாக்கு மக்களுக்கு, உங்கள் காணிகள் எடுக்கப்படமாட்டா என்று ஆரம்பத்தில் வாக்குறுதி அளிக்கப்பட்டிருந்தது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டுக் கட்டாய சுவீகரிப்புத் தொடங்கியது. அங்கு விவசாயியாகவும் தபால் சேவகராகவும் தம் சபையின் போதகராகவும் இருந்த ஜோன் ஒலிவர், பல ஆண்டுகள் நீதிமன்றம் ஏறிப் போராடினார். அவருடைய பூட்டனாரின் குடும்பமே 1818இல் அங்கு முதலிற் குடியேறியது. ஈற்றில் தோற்று, 1937இல் வெளியேறினார்.

சிலருக்கு உயிருள்ளவரை இருக்க அனுமதி கிடைத்தது. வோக்கர் சகோதரிகள் என அறியப்பட்ட, திருமணமாகாத ஐந்து சகோதரிகள் தமது ஏறத்தாழ 120 ஏக்கர் காணியை 4,750 டொலருக்குக் கொடுத்து, சாகும்வரை அங்கேயே வாழும் உரிமையைப் பெற்றனர். வாழலாம்; ஆனால் முன்போல வேட்டையாட முடியாது, மரம் தறிக்க முடியாது, கால்நடைகளை மேயவிட முடியாது. சொந்த வீட்டில் அவர்கள் பார்வைப் பொருளாகினர். சுற்றுலாப் பயணிகள் வந்து பார்த்துப் போயினர். கடைசிச் சகோதரி 1964இல் மறைந்தார். வீடு இன்றும் நிற்கின்றது.

இதே பாதை வடக்கே வேர்ஜீனியா மாநிலத்தில் செனண்டோவா தேசிய பூங்காவுக்குள்ளும் ஏறத்தாழ 160 கிலோமீற்றர் செல்கின்றது. அங்கும் ஒரு நாள் நடந்தோம். 1935இல் நிறுவப்பட்ட அந்தப் பூங்காவுக்காக ஏறத்தாழ 500 குடும்பங்கள் அகற்றப்பட்டன. உறுதி வைத்திருந்தவர்களுக்கு நட்டஈடு கிடைத்தது. குத்தகைக்கும் வாரத்துக்கும் செய்தவர்கள், பல தலைமுறையாக இருந்தும் கடதாசி இல்லாதவர்கள் ஆகியோர் பெருந்தொகையினர். அவர்களுக்குக் காணிக்கான நட்டஈடு இல்லை. திரும்பி வராதபடி பல வீடுகள் இடிக்கப்பட்டன அல்லது எரிக்கப்பட்டன. இன்று மரங்களுக்கிடையே கல்லால் கட்டிய புகைபோக்கிகளும் கல்வேலிகளும் தனித்து நிற்கின்றன. யாரோ நட்ட அப்பிள் மரம் காட்டு மரங்களின் நடுவே காய்க்கின்றது. எமது வன்னியிற் காட்டுக்குள் தனித்து நிற்கும் மாமரத்தையும் தோடையையும் கண்டவர்களுக்கு அதன் பொருள் விளங்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த மலைமக்களை அகற்றுவதற்கு முன்னர், அவர்கள் நாகரிகம் அறியாதவர்கள், உலகத்தோடு தொடர்பற்றவர்கள் என்று எழுதினார்கள். அகற்றுவதே அவர்களுக்குச் செய்யும் உபகாரம் என்றார்கள். 1990களில் தொல்லியலாளர் அந்த வளவுகளைத் தோண்டிப் பார்த்தபோது மருந்துப் போத்தல்கள், கடையில் வாங்கிய விளையாட்டுப் பொருட்கள், இசைத்தட்டின் துண்டுகள் எல்லாம் கிடைத்தன. அவர்கள் மற்றவர்களைப் போன்ற மனிதர்கள்தான். மண் அதற்குச் சாட்சி சொல்ல அறுபது ஆண்டுகள் சென்றன.

அணைக்கட்டின் அக்கரையில்

எமது நடை தொடங்கிய பொன்ரானா அணைக்கட்டுக்கும் ஒரு கதை உண்டு. போர்க்காலத்தில் அலுமினிய உற்பத்திக்கு மின்சாரம் தேவை என்று 1942இல் தொடங்கி 1944இல் முடிக்கப்பட்டது. உயரம் 146 மீற்றர். நீர் தேங்கியபோது வடகரைக் கிராமங்களுக்குச் சென்ற வீதி மூழ்கியது. ஆகவே மூழ்காத காணிகளிலிருந்தும் மக்கள் அகற்றப்பட்டனர். அந்த நிலத்தில் ஏறத்தாழ 44,000 ஏக்கர் பூங்காவுடன் சேர்க்கப்பட்டது. போர் முடிந்தபின் சேமக்காலைகளுக்குப் போய்வரப் புதிய வீதி அமைத்துத் தருவோம் என்று 1943இல் ஒப்பந்தம் எழுதப்பட்டது.

வீதியில் ஏறத்தாழ 11 கிலோமீற்றரும் ஒரு சுரங்கமும் அமைக்கப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் வேலை நின்றது. உடைத்த பாறையிலிருந்து அமிலம் கசிந்து ஓடைகளைக் கெடுக்கின்றது என்பது காரணம். வீதி சுரங்கத்தைக் கடந்ததும் காட்டுக்குள் முடிந்துபோகின்றது. "எங்கும் போகாத வீதி" என்று மக்கள் அதற்குப் பெயர் வைத்தனர். வீதிக்குப் பதிலாக அம்மாவட்டத்துக்கு 52 மில்லியன் டொலர் கொடுப்பதென 2010இல் உடன்பாடு ஏற்பட்டது. அதன் கடைசித் தவணை 2018இல்தான் வந்து சேர்ந்தது. வாக்குறுதி கொடுத்து 75 ஆண்டுகள்.

ஆனால் அந்த மக்கள் சேமக்காலைகளைக் கைவிடவில்லை. 1970களின் பிற்பகுதியில் ஒன்றுகூடிக் கேட்டனர். அதன்பின் ஆண்டுதோறும் குறித்த நாட்களில் பூங்கா நிர்வாகமே அவர்களைப் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுசெல்கின்றது. எமது நடை முடிந்த அடுத்த ஞாயிறன்று அப்படிச் சென்ற ஒரு கூட்டத்தாருடன் நாமும் சேர்ந்துகொண்டோம். வயது முதிர்ந்தோர் கைத்தடியுடன் ஏறினர். பிள்ளைகள் கையில் பூக்கள். மேட்டில் ஏறி, புல் செருக்கி, மண் அணைத்து, பூ வைத்து, பாட்டுப் பாடிச் செபித்து, அங்கேயே மரநிழலில் இருந்து உணவைப் பகிர்ந்து உண்டனர். எமது கல்லறைத் திருநாளேதான். ஒரு முதியவர் தம் பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, இங்கே அடுப்படி, இங்கே கிணறு, இங்கே பள்ளிக்கூடம் என்று மரங்களைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பிள்ளைக்கு அங்கே மரங்களைத் தவிர வேறெதுவும் தெரிந்திருக்காது. ஆயினும் கவனமாகக் கேட்டுக்கொண்டு நின்றது.

அவர்களுக்கும் முன்னர்

இந்த விவசாயிகளின் கண்ணீரைச் சொல்லும்போது இன்னொரு கண்ணீரை மறைப்பது முறையாகாது. அந்த மலைகள் செரோக்கி மக்களின் தாயகம். 1838இல் படையினர் அவர்களைத் திரட்டி மேற்கே அனுப்பினர். ஏறத்தாழ 16,000 பேர் துரத்தப்பட்டனர். நாலாயிரம் பேர் வரையில் மடிந்தனர் என்று கணிக்கப்படுகின்றது. மலைக்குள் ஒளித்துத் தப்பியோரின் வழித்தோன்றல்களும், வெளியேற்றத்துக்கு உட்படாதிருந்த வேறு சில குடும்பங்களின் வழித்தோன்றல்களும் இன்றும் பூங்காவின் தெற்கெல்லையில் வாழ்கின்றனர். நாம் ஏறிய சிகரம் நெடுங்காலம் ஒரு வெள்ளைப் படைத்தளபதியின் பெயரால் கிளிங்மன்ஸ் டோம் என அழைக்கப்பட்டது. செரோக்கி மக்களின் கோரிக்கையை ஏற்று 2024 செப்டெம்பரில் குவோகி என்ற பழைய பெயர் மீட்கப்பட்டது.

இடம்பெயர்ந்தவனின் வளவுக்கு அடியிலும் இன்னொருவனின் வளவு இருக்கலாம். எமது மண்ணிலும் இதனை மறக்கலாகாது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடமாகாண முஸ்லிம் மக்களில் முசலிப் பகுதியினர் போர் முடிந்து திரும்பியபோது, தம் ஊர்களைக் காடு மூடியிருக்கக் கண்டனர். 2012இலும் 2017இலும் வெளியான வர்த்தமானி அறிவித்தல்கள் அப்பகுதி நிலங்களை வனமாகப் பிரகடனப்படுத்தியபோது அவர்களது மீள்குடியேற்றம் பெரும் சர்ச்சையாயிற்று. அவர்களுக்காக அன்று எம்மில் எத்தனை பேர் பேசினோம் என்று எம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

காடு எமது பகைவன் அன்று. காடு இருந்தால்தான் குளத்துக்கு நீர் வரும் என்பது விவசாயிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காட்டைக் காப்பவரும் காணியைக் காப்பவரும் ஒரே மேசையில் இருந்து எல்லையைப் பேசாததே அங்கு நேர்ந்த தவறு. அந்த மேசைக்கு நாம் வெறுங்கையோடு போகக்கூடாது. ஆகவே, முகாமில் இருந்தாலும் உறவினர் வீட்டில் இருந்தாலும் வாடகை வீட்டில் இருந்தாலும் இவற்றைச் செய்யுங்கள்:

உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி பெற முயலுங்கள். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்தின் பதிவேட்டில் உங்கள் பெயர் உள்ளதா, பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

கடதாசி எதுவும் இல்லாதவர்களே அங்கு அதிகம் இழந்தார்கள். பழைய குடும்ப அட்டை, வாக்காளர் இடாப்பு, பள்ளிக்கூடப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவேடு ஆகியவை நீங்கள் அவ்வூரில் வாழ்ந்ததற்குச் சான்றாக உதவக்கூடும். பங்குத்தந்தையிடம் தயங்காது கேளுங்கள்.

ஊர்ப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களை இருத்தி, எந்த வளவு யாருடையது, கிணறு எங்கே, எல்லை மரம் எது, சேமக்காலை எங்கே என்று ஒரு கொப்பியில் படம் வரைந்து எழுதுங்கள். குத்தகைக்குச் செய்தவரின் பெயரையும் விடாதீர்கள்.

உங்கள் பகுதி பற்றிய வர்த்தமானி அறிவித்தல் வந்துள்ளதா எனக் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். ஆட்சேபம் இருப்பின் ஊராகச் சேர்ந்து எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்திருங்கள். வாய்வார்த்தையாகத் தரப்படும் வாக்குறுதியை நம்பி இருந்துவிடாதீர்கள். எழுதிய வாக்குறுதிக்கே 75 ஆண்டுகள் சென்றதைக் கண்டோம்.

கல்லறைத் திருநாளில் ஊர்ச் சேமக்காலைக்குப் போக முடிந்தால் பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.

எருசலேம் முற்றுகையிடப்பட்டுக் கிடந்த வேளையில், நாடே கைவிட்டுப் போகப்போகின்றது என்று தெரிந்திருந்தும், எரேமியா இறைவாக்கினர் தம் ஊரான அனத்தோத்தில் ஒரு வயலை விலைகொடுத்து வாங்கினார். சாட்சிகளை வைத்து உறுதி எழுதி, அதனை மட்பாண்டத்தில் இட்டுப் பத்திரப்படுத்தச் செய்தார். ஊரார் அவரைப் பைத்தியக்காரர் என்று எண்ணியிருக்கலாம். அந்த மண்ணில் மறுபடியும் வீடுகளும் வயல்களும் திராட்சைத் தோட்டங்களும் வாங்கப்படும் என்று இறைவன் சொன்னதை அவர் நம்பினார். நம்பியதோடு நின்றுவிடாமல் உறுதியையும் பத்திரமாக வைத்தார். நாமும் இந்த இரண்டையும் செய்வோம்.